இயக்குநர் உடனே நிறுத்த வேண்டும்

மூன்று வருடம் நான் சிறு கம்பெனி டைரக்டர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்தேன். நான் சொன்னதைக் கேட்டவர்கள் பலர். தலையாட்டியவர்கள் அதைவிடப் பலர். சொன்னதை அப்படியே செய்தவர் ஒரே ஒருவர்தான். அவரால் எனக்கு அந்த வேலை போனது.

வேலையிடப் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வந்திருந்த தொண்ணூறுகள் அவை. அதுவரை கை போனால் தொழிலாளியின் கவனக்குறைவு, உயிர் போனால் தலையெழுத்து என்று நிம்மதியாக இருந்த முதலாளிகளிடம், இனி டைரக்டர்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பயந்துபோய் எல்லாரும் சர்டிபிகேட் கேட்டார்கள். ஒரு வியாபாரிகள் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியை எடுத்து, மூன்று சனிக்கிழமைகள் தமிழில் வகுப்பு என்று அறிவித்தது. நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன். தமிழும் கொஞ்சம் எழுத வரும் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

மாடிக்குக் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பதினொரு மணிக்குத் தாளிக்கிற வாசம் மேலே ஏறிவிடும். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் வகுப்பு கீழ்மாடியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் முக்கியமான பாடங்களையெல்லாம் பதினொன்றுக்குள் முடித்துவிடுவேன்.

அந்த அம்மா மூன்றாவது வருடம் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. வெளிர்நிறச் சேலை, மூக்கின் நுனிவரை இறங்கிய கண்ணாடி, மஸ்ஜித் இந்தியா சாலைத் துணிக்கடை ஒன்றின் பெயர் அச்சடித்த ஒரு துணிப்பை. பத்தொன்பது ஆண்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் பெண். முதல் நாள் எல்லாரும் உட்கார்ந்தபடியே பெயரையும் கம்பெனியையும் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றார்.

"நான் டைரக்டருங்க சார்."

"என்னா படம் ஆன்டி?" என்று பின்னால் இருந்து ஒரு பட்டறைக்காரர் கேட்டார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து சங்கம் அனுப்பிய கடிதத்தை எடுத்துப் பின்வரிசை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

"படமெல்லாம் இல்லீங்க தம்பி. பாருங்க, எழுதியிருக்கு."

கதை இதுதான். கிள்ளானில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு மசாலா மில் இருந்தது. கணவரும் கணவரின் தம்பியும் டைரக்டர்கள். ஒரு கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்களாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். கணவர் இறந்ததும், அந்த இடத்தைக் காலியாக விட முடியாமல் கொழுந்தனார் இவரைப் போட்டுவிட்டார்.

"ஒரு பேப்பர் கொண்டாந்து அண்ணி, இங்க கையெழுத்து போடுங்கன்னாரு. வாங்கிப் படிச்சுப் பாத்தேன். இங்கிலீசு. போட்டுட்டேன். இந்த லெட்டர் வந்தப்பறம்தான் சார் நான் டைரக்டர்னு எனக்கே தெரியும்."

கம்பெனிக்கு ஒரு டைரக்டர் வகுப்புக்கு வந்தால் போதும் என்று சங்கத்தில் விதி. கொழுந்தனாருக்கு மில்லை விட்டுவிட்டு வர நேரமில்லை. அண்ணிக்கும் பொழுது போகட்டும் என்று அனுப்பிவைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. எனக்கும்தான்.

முதல் வகுப்பிலேயே எனக்கு ஒரு அடி விழுந்தது. தீயணைப்புக் குப்பியில் ஒரு அட்டை தொங்கும், அதில் தேதி இருக்கும், தேதி தாண்டிய குப்பி இருந்தும் இல்லாத மாதிரி, டைரக்டர்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எழுந்துபோய், கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த எங்கள் வகுப்புக் குப்பியின் அட்டையை விரல் வைத்துப் படித்தார். பிறகு அந்தச் சிவப்புக் குப்பியை இரண்டு கையாலும் தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வருசம் தாண்டிப்போச்சு சார்."

அந்தக் குப்பி மாட்டியிருந்த அறையில் நின்றுதான் மூன்று வருடமாகக் குப்பியைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். அன்று மதியம்வரை அது மேசைமேலேயே இருந்தது. அதைத் தாண்டித்தான் நான் பேச வேண்டியிருந்தது.

இரண்டாம் அடி சாப்பாட்டுக் கடைக்காரருக்கு விழுந்தது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளியேற இரண்டாவது வழி எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். எல்லாருமே இதைச் சொல்வார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். மதியம் கீழே சாப்பிட இறங்கியபோது, இலை போடுவதற்குள் அந்த அம்மாவைக் காணோம். சமையலறைக்குள்ளிருந்து கடைக்காரர் கத்துகிற சத்தம் கேட்டது. பின்கதவுக்கு முன்னால் வெங்காய மூட்டைகளும் கேஸ் சிலிண்டர்களும் அடுக்கியிருந்தன. இவர் அவற்றை எண்ணிக்கொண்டு நின்றார்.

"ஆன்டி, கஸ்டமர் உள்ள வரக் கூடாது லா!"

"அப்ப நெருப்பு புடிச்சா கஸ்டமர் எப்படிப் போறது? மேல சார் சொல்லியிருக்காரு."

கடைக்காரர் கரண்டியோடு என்னைப் பார்த்தார். நான் ரசத்தைக் கவனித்தேன். அடுத்த சனிக்கிழமை மூட்டைகள் வேறு இடத்துக்குப் போயிருந்தன. எனக்கு மட்டும் அப்பளம் கிடைக்கவில்லை.

அவர் படிப்பதை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். வலது ஆள்காட்டி விரல் வரிக்குக் கீழே ஊர்ந்துபோகும், உதடு அசையும். நான் தமிழில் எழுதி அச்சடித்துக் கொடுத்த பன்னிரண்டு பக்கப் பாடத்தாளை மற்றவர்கள் விசிறியாக வைத்துக்கொண்டார்கள், இல்லையென்றால் தேத்தண்ணி கிளாஸுக்கு அடியில் போட்டார்கள். இவர் அட்டையிலிருந்து தொடங்கி, கடைசியில் அச்சகத்தின் விலாசம் வரைக்கும் படித்தார். விலாசத்தைக்கூட இரண்டு தடவை படித்ததைப் பார்த்து, ஏம்மா என்று கேட்டேன்.

"எனக்கு முப்பத்திரெண்டு வயசுலதான் சார் எழுத்துக் கூட்டத் தெரிஞ்சுச்சு. வீட்டுக்காரருதான் சொல்லிக் குடுத்தாரு, மில்லு பேக்கட்ட வச்சு. மொத மொத நான் படிச்சது 'ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்'."

"அப்புறம்?"

"அன்னியிலேர்ந்து எங்க வீட்டுல மசாலா ஈரத்துல இருந்ததில்ல." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "அதுக்கு முன்னாடி எனக்கு எல்லாத்தையும் யாராச்சும் வாயால சொல்லணும் சார். காலையில ஒண்ணு சொல்லுவாங்க, சாயந்திரம் ஒண்ணு சொல்லுவாங்க. நான் அப்படிச் சொல்லவேயில்லம்பாங்க. எழுதுனது அப்படியே இருக்குது பாருங்க."

இரண்டாம் வகுப்பு முடிவில் வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்கள் வேலையிடத்தில் உள்ள மூன்று ஆபத்துகளை எழுதிக்கொண்டு வரவும். இதற்கு முந்தைய வருடங்களில் வந்த விடைகள் எனக்கு மனப்பாடம். ஒரு அச்சகக்காரர் 'தொழிலாளர் கவனக்குறைவு' என்று மூன்று தடவை எழுதியிருந்தார், மூன்று விதமான எழுத்துப்பிழைகளோடு. அந்த அம்மா படியிறங்காமல் நின்று கேட்டார்.

"சார், 'உங்கள் வேலையிடத்தில்'னு போட்டிருக்கு. நான் வேல செய்யறது எங்க வீட்டு அடுப்படியில. அத எழுதலாமா?"

"நீங்க டைரக்டர்மா. ஒங்க வேலையிடம் மில்லு. போய்ப் பாருங்க."

"ஆயுத பூசைக்கு மட்டுந்தான் சார் நான் மில்லுக்குப் போனது. அன்னிக்கு எல்லாம் நிறுத்தியிருப்பாங்க. நிக்கிற மிஷினுக்குத்தான் பொட்டு வச்சிருக்கேன். ஓடறப்ப பாத்ததே இல்ல."

"ஓடறப்ப போய்ப் பாருங்க" என்றேன். சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை அவர் வரவில்லை. சர்டிபிகேட் கொடுக்கிற நாளில் ஒருவர் வராமல் இருப்பது அதுதான் முதல் தடவை. பத்தரை மணிக்கு ஆபீஸ் பெண் வந்து, கிள்ளானிலிருந்து போன், செயலாளர் பேசுகிறார் என்றாள். அந்த அம்மாவின் கொழுந்தனார்தான் எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். என்னை வேலைக்கு வைத்தவரும் அவர்தான்.

"என்னா சார் சொல்லிக் குடுத்தீங்க எங்க அண்ணிக்கு? வியாழக்கெழம காலையிலேர்ந்து மில்லு நிக்குது. தீபாவளி ஆர்டர் ஏத்த வந்த லோரி ரெண்டு தடவ சும்மா திரும்பிப் போச்சு. என்னா கேட்டாலும் பக்கம் நாலு, பக்கம் நாலுங்கறாங்க. மொதல்ல நீங்க வாங்க லா."

பாடத்தாளை எடுத்து நான்காம் பக்கத்தைப் பார்த்தேன். நானே எழுதியது இப்படி இருந்தது: 'பாதுகாப்பு மூடி சரியாக வேலை செய்யாவிட்டால், இயக்குநர் உடனே இயந்திரத்தை நிறுத்த வேண்டும். சுவிட்சைப் பூட்டி, நிறுத்தியவரே சாவியை வைத்திருக்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்தவர் சரிசெய்யும்வரை திறக்கக் கூடாது.'

இங்கிலீஷ் மூலத்தில் இருந்தது ஆப்பரேட்டர். மிஷினை ஓட்டுகிறவர். ஓட்டுநர் என்று போட்டால் லோரி டிரைவர் ஆகிவிடுமே என்று யோசித்து, இயக்குகிறவர் இயக்குநர்தானே என்று போட்டிருந்தேன். அட்டையிலோ, பத்திரிகைகள் டைரக்டரை அப்படித்தானே எழுதுகின்றன என்று, 'சிறு நிறுவன இயக்குநர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி' என்று போட்டிருந்தேன். இரண்டும் ஒரே சொல் என்பது மூன்று வருடமாக எனக்கு உறைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. படித்தால்தானே கேட்பதற்கு.

வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு ரயில் பிடித்துக் கிள்ளான் போனேன். மில் வாசலிலேயே தும்மல் வந்தது. உள்ளே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இரும்புத் தொட்டி, அதற்குள் முறுக்கிய தகடுகள் சுழன்று மசாலாவைக் கலக்கும். மேலே மூடி. மூடியைத் திறந்தால் ஓரத்தில் இருக்கிற சின்ன சுவிட்ச் விடுபட்டு மிஷின் தானாக நிற்க வேண்டும். அந்த சுவிட்சை அழுத்திவைத்து ஒயரால் சுற்றிக் கட்டியிருந்தது. மூடி திறந்தாலும் தகடு சுழலும்.

மிஷினை ஓட்டுகிற லெட்சுமி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பதினொரு வருடமாக அந்தத் தொட்டிக்கு அவர்தான். மூலையில் ஒட்டுகிற மசாலாவை, ஓட ஓடக் கையை விட்டு வழிக்க வேண்டும். அவருடைய இடது கைச் சுண்டுவிரலுக்கு நுனி இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்து, "இது பழசு சார். முந்தின மிஷின்ல போனது" என்றார்.

சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பாடத்தாள். பெட்டியில் ஒரு பழைய பூட்டு தொங்கியது. வீட்டுச் சாமி அறைப் பூட்டாம். மூன்று நாளாகக் காலை எட்டு மணிக்கு வந்து, சோறு கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டு, மாலையில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். கொழுந்தனார் நினைத்தால் ஒரு சுத்தியலால் அந்தப் பூட்டை உடைத்திருக்கலாம். இறந்துபோன அண்ணனின் மனைவி பூட்டிய பூட்டு, அதுவும் சாமி அறைப் பூட்டு. அவரும் சுத்தியலைத் தொடவில்லை, வேலைக்காரர்களும் தொடவில்லை.

"ஒயர நீங்களே அவுத்திருக்கலாமேம்மா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சவங்கதான் கை வைக்கணும்னு கீழயே போட்டிருக்கு சார். எனக்குத் தெரியாதே."

கொழுந்தனார் கெட்டவர் இல்லை. ஒயரைக் கட்டியவர் அவர்தான். நிமிடத்துக்கு ஒரு தடவை மிஷின் நின்றால் தீபாவளிக்குள் ஆர்டர் முடியாது என்பது அவர் கணக்கு. மூன்று நாள் தூக்கமில்லாத கண்ணோடு என்னிடம் வந்தார். இங்கிலீஷ் படித்தவர், விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

"சார், இது இங்கிலீசுல ஆப்பரேட்டர்னுதானே இருந்திருக்கும்? அண்ணிக்கிட்ட நீங்களே சொல்லிருங்க. இது டைரக்டருக்கு இல்ல, மிஷின் ஓட்டறவங்களுக்குன்னு. சொன்னா எந்திரிச்சுருவாங்க. அடுத்த வருச கிளாஸ பத்தி அப்பறம் பேசுவோம்."

சட்டப்படி பார்த்தால் அந்த மிஷினுக்கு டைரக்டரும் பதில் சொல்ல வேண்டியவர்தான். அதைத்தான் மூன்று வருடமாகப் பாடம் எடுத்தேன். சொல் தப்பு, ஆனால் நீங்கள் செய்தது சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். லெட்சுமியின் கை எனக்கு எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ அடுத்த வருட வகுப்பு வேண்டியிருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "அது மிஷின் ஓட்டறவங்களுக்கு எழுதுனது. நான் போட்ட சொல் தப்பு."

அவர் விரல் வரியிலேயே இருந்தது.

"தப்பா?"

"தப்புதாம்மா."

"அச்சடிச்சிருக்கே சார்."

"அச்சடிச்சதும் நான்தாம்மா."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அவ்வளவு ஈனமாக நான் வேறு எப்போதும் நின்றதில்லை.

"சரிங்க அண்ணி, எந்திரிங்க. வண்டியில வீட்டுல வுடச் சொல்றேன்" என்றார் கொழுந்தனார். குரலில் பணிவுதான் இருந்தது.

அந்த அம்மா எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாடத்தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, அதே வரியை முதலிலிருந்து மறுபடி படித்தார். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்கும்படி.

"மூடி சரியா வேல செய்யலன்னா, மிஷின் ஓட்டறவங்க உடனே நிறுத்தணும். பூட்டி, சாவிய நிறுத்துனவங்களே வச்சிருக்கணும். இப்ப அப்படித்தானே சார்?"

"அப்படித்தாம்மா."

"அப்ப மூணு நாளா நான் இன்னொருத்தர் வேலைய செஞ்சுகிட்டு இருந்திருக்கேன்." சுவரோரம் திரும்பினார். "லெட்சுமி, இந்த மிஷின ஓட்டறது நீதானே?"

"ஆமாங்க பெரியம்மா."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா. இது ஒன்னோடது. தெரியாம நான் வச்சிருந்துட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

லெட்சுமி சாவியைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். எனக்கு அவர் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பதினொரு வருடமாக ஒரே மில்லில் மிளகாய்க் காந்தலோடு நிற்கிறவருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

"லெட்சுமி, சாவிய இப்படிக் குடு" என்றார் முதலாளி, மெதுவாக.

லெட்சுமி கையை இடுப்பில் சுற்றியிருந்த சாரோங்கில் துடைத்தார். சாவியை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டார். அந்த அம்மா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். லெட்சுமி உட்காரலாமா என்று ஒரு தடவை அதைப் பார்த்தார், பிறகு ஓரமாக உட்கார்ந்தார்.

"ஒயர எடுங்க பாஸ்" என்றார். "எடுத்தாத் தொறக்கறேன்."

கொழுந்தனார் அண்ணியைப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க தம்பி" என்றார் அந்த அம்மா. "இதுல எனக்கு ஒண்ணும் எழுதல."

வெளியே, மூன்றாவது தடவையாக வந்திருந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். கொழுந்தனார் தொட்டியைச் சுற்றிக்கொண்டு மூடிப் பக்கம் போனார். குனிந்து ஒயரை விரலால் இழுத்துப் பார்த்தார். இறுக்கிக் கட்டியிருந்தது, வரவில்லை. பிளையர் எங்கே என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

அந்த அம்மா துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு பிளையரை எடுத்து நீட்டினார்.

"வியாழக்கெழமையிலேர்ந்து வச்சிருக்கேன் தம்பி" என்றார். "நீங்க கேக்கவே இல்ல."